குழம்பில் குறைத்த உப்பு குழாயில் வந்தது

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு. எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு குழாய்தான்: ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி, அதாவது போர்த் தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி; பாத்திரம் கழுவ, துணி துவைக்க உப்புத் தண்ணி. ஐம்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. கணவர் தவறிய பிறகு 2022 ஜூனில் மகனோடு சென்னைக்கு வந்தேன். திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். வீட்டைக் காட்டிய புரோக்கரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான். "போர் தண்ணிதான் மேடம், ஆனா கீழ பிளான்ட் இருக்கு. உப்பெல்லாம் எடுத்துட்டுத்தான் மேல வருது" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பியதுதான் இத்தனைக்கும் ஆரம்பம். அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த புதிதில் காபி ஒரு மாதிரி இருந்தது. டிகாக்ஷன் சரியில்லை என்று தூளை மாற்றினேன். பத்துப் பதினைந்து நாளில் நாக்கு பழகிவிட்டது. இதுதான் முதல் ஆபத்து, அப்போது தெரியவில்லை. சமையலறையில் முந்தைய ஆட்கள் விட்டுப்போன ஆர்ஓ மெஷின் ஒன்று இருந்தது. ஆகஸ்டில் அது நின்றுபோனது. மெம்பரேன் மாற்ற 4,200 ரூபாய் கேட்டார்கள். அதே சமயம் என் போனில், ஆர்ஓ தண்ணீரில் சத்தே இல்லை, எலும்பு தேய்ந்துவிடும் என்று தினம் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் எனக்கு ஒரே தெளிவு. மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் 300 ரூபாய்க்குப் போட்டேன். மண்பானை வாங்கினேன். குழாய்த் தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு, தேற்றான் கொட்டை உரசி... பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து அந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். தேற்றான் கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். வெட்டிவேர் மணக்கும். கரைந்த உப்பை இந்த மூன்றும் ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும்.

2023 பிப்ரவரியில் பிடரி வலி. தலைகாணிதான் காரணம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில் சும்மா பிரஷர் பார்த்தார்கள், 168/102. என் அப்பாவுக்கு பிரஷர் உண்டு, எனக்கு 51 வயது, எடையும் நான்கைந்து கிலோ கூடுதல். அதனால் டாக்டர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக்கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் சொன்ன பேச்சுக் கேட்கிற ரகம். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பளம், வடகம், மோர் மிளகாய் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஆனது. சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினேன். மகனுக்கு இரவு வேலை, இரண்டு வேளையும் ஆபீசில் சாப்பிடுவான், அதனால் வீட்டுச் சமையல் பெரும்பாலும் எனக்கு மட்டும்தான். அரைக்கிலோ உப்புப் பாக்கெட் எனக்கு நான்கு மாதம் வந்தது. கணக்குப் போட்டால் நாளுக்கு 4 கிராம்தான். ஆனாலும் பிரஷர் 150-க்குக் கீழே இறங்கவே இல்லை. கணுக்கால் வீங்கியது. அந்த மாத்திரையில் சிலருக்கு அப்படி ஆகும் என்று அளவைப் பாதியாக்கி, டெல்மிசார்டனைக் கூடச் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் நானாகச் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் கேட்காமல், சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கி வந்தேன். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். இரண்டும் சேர்ந்து இரண்டே மாதத்தில் என் ரத்தத்தில் பொட்டாசியம் 5.6 ஆகிவிட்டது. உடனே வரச் சொல்லி லேபிலிருந்து போன். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று சொல்லி, அன்றே இசிஜி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கிட்னி பிரச்சினை உள்ளவர்களும் அந்த உப்பைத் தொடும் முன் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது. தைராய்டு, எக்கோ, கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு டாப்ளர், கிரியாட்டினின், கண் பரிசோதனை. டாக்டரும் இரண்டு பேர் மாறினார்கள். எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்க்கு மேல். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் நார்மல் என்று வர வர எனக்குப் பயம் கூடியது. இரவில் மகன் வேலைக்குப் போனதும் தனியாக உட்கார்ந்து பிரஷர் பார்ப்பேன். 158 வரும். பதற்றத்தில் மறுபடி பார்ப்பேன், 166 வரும். பிரஷர் மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும், காலை மடிக்கக் கூடாது, கை இதயத்தின் மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும், அரை மணி முன்னால் காபி கூடாது. காலை இரண்டு, மாலை இரண்டு என ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிதான் டாக்டருக்கு உதவும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அதிகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். என்னுடையது 152/94-இலேயே நின்றது, இரண்டு மாத்திரைக்குப் பிறகும்.

2024 மே மாதம், மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா, "24 மணி நேர யூரின் சோடியம் ஒண்ணு பாத்துடலாம்மா" என்றார். சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால், நாம் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். காலை எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும். அசிங்கமாகத்தான் இருக்கும், ஒரு நாள்தானே. ரிசல்ட் 158 மில்லிமோல். டாக்டரம்மா கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். "ஒன்பது கிராமுக்கு மேல உப்பு சாப்பிடறீங்க. நாலு கிராம்னு சொன்னீங்களே?" உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். நான் உப்புப் பாக்கெட் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஹோட்டல், பேக்கரி, மிக்சர்?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதிவிட்டோம் என்று பொய் சொல்லும்போது, ஆசிரியையாக இருந்த நான் வைத்துக்கொண்ட அதே முகம். ஆட்டோவில் வீடு வரும் வரை அழுதேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது என் அம்மா. பொள்ளாச்சியிலிருந்து ஜூனில் வந்திருந்தார்கள். 76 வயது, பிரஷரும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. முதல் வாய்ச் சோற்றை வைத்ததுமே, "ஏன் கண்ணு, சோத்துக்கு உப்புப் போட மாட்டேன்னயே? கரிக்குதே!" என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரிலேயே ஊறிய நாக்கு என்னுடையது. பானைத் தண்ணீரைக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்து, "இதென்ன உப்புத் தண்ணியக் குடிக்கறே?" என்றார்கள். "இல்லம்மா, உப்பெல்லாம் எடுத்துட்டுத்தான் வருது. சோப்பு எப்படி நுரைக்குது பாருங்க" என்று நான் வக்காலத்து வாங்கினேன். நுரைத்ததும் உண்மைதான். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது.

மறுநாள் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கீழே இறங்கினேன். பேஸ்மென்ட்டில் ஒரு வேனிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மூட்டை, 50 கிலோ. கல் உப்பு. எதற்கு என்று பிளான்ட் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன்.

"சாஃப்ட்னருக்கும்மா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா உப்புக் கரைசல் விட்டு அலசணும். இல்லன்னா மேல தண்ணி உப்பாயிடும்."

"உப்பை எடுக்கறதுக்கு உப்பா போடறீங்க?"

"ஆமாம்மா" என்றார், இதில் என்ன கேள்வி என்பதுபோல.

அன்று இரவு மகனை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். விஷயம் இவ்வளவுதான். தமிழில் நாம் இரண்டு வேறு வேறு தண்ணீரை ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். சோப்பு நுரைக்காத, குழாயில் வெள்ளையாகப் படியும் கடின நீரும் உப்புத் தண்ணிதான். கரிக்கும் நீரும் உப்புத் தண்ணிதான். முதலாவதில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். அவற்றால் பிரஷர் ஏறுவதில்லை. சாஃப்ட்னர் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடுகிறது. பிடித்து வைத்ததைத் துரத்தத்தான் அந்த உப்புக் கரைசல். ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால், ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் உள்ளே வரும். கீசர் அடைக்காது, ஷவர் அடைக்காது, தலைமுடி நன்றாக இருக்கும். குளிக்க அருமையான தண்ணீர். அதைத்தான் நான் சீரகம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். புரோக்கர் சொன்ன உப்பு வேறு, நான் புரிந்துகொண்ட உப்பு வேறு.

இதோடு கடலோரப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். நல்ல நீரின் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலிருக்கும் கடல்நீர் நாற்பது அடி வரை மேலே வரலாம் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் பழைய கணக்கு. வரிசையாக அடுக்குமாடிகள் கட்டி, எல்லோரும் போர் போட்டு உறிஞ்சினால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் தேறும். சித்திரை, வைகாசியில் கரிக்கும். என் பிரஷர் நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருடமும் மே, ஜூன்தான் மோசம். வெயில் என்று நினைத்திருந்தேன்.

350 ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு என்று அது தோராயமாகச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. சாஃப்ட்னருக்கு முன்னால் பிடித்த தண்ணீரில் 1,350, பின்னால் பிடித்ததில் 1,390. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு. லேபில்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டினால் நாமும் பரிசோதிக்கலாம். நான் அவசரத்தில் தனியார் லேபில் கொடுத்தேன், இரண்டு பாட்டிலுக்கு 1,800 ரூபாய். கொடுக்கும்போது "சோடியமும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500-இல் டிடிஎஸ் உண்டு, குளோரைடு உண்டு, கடினத்தன்மை உண்டு, சோடியத்துக்கு அளவே கிடையாது. அதனால் கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள். எனக்கு வந்தது இது, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்: சாஃப்ட்னருக்கு முன்னால் கடினத்தன்மை 640, சோடியம் 210. பின்னால் கடினத்தன்மை 40, சோடியம் 485. சோடியம் லிட்டருக்கு 200-ஐத் தாண்டினாலே கரிக்கத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

குடிப்பது, காபி, ரசம், குக்கரில் சோறு இழுத்துக்கொள்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்தேன். 1,700 மில்லிகிராம் சோடியம். உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும், அதாவது 4 கிராமுக்கு மேல். டப்பாவிலிருந்து நான் போட்டதும் 4 கிராம். பால், காய்கறியில் இயல்பாக இருப்பது ஒரு கிராம். கூட்டிப் பார்த்தால் டாக்டரம்மா சொன்ன அதே ஒன்பது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சி கிடைத்த நிம்மதி ஒரு பக்கம். 300 ரூபாய்க்குப் போட்ட ஆர்ஓ மெஷின் ஒரு பக்கம்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தானும் யாரிடமும் கேட்டதில்லை என்றார். வங்கதேசத்தின் கடலோரம், குல்னா பக்கம் தாகோப் என்ற பகுதியில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி அவர்தான் சொன்னார். 2011-இல் வந்தது. அங்கே கோடையில் மக்கள் குளத்திலும் குழாய்க்கிணற்றிலும் உப்பு நீரைத்தான் குடிக்கிறார்கள். குடிநீரிலிருந்து மட்டும் நாளுக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம், கவனியுங்கள், உப்பு இல்லை, சோடியம். கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு வருவது மழைக்காலத்தைவிடக் கோடையில் அதிகமாக இருந்திருக்கிறது. அவர்கள் கையில் கழற்றி எறிய ஒரு ஆர்ஓ மெஷின்கூட இல்லை. என் கதையை அதோடு வைத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "தண்ணியை மாத்தினா பிரஷர் போயிடும்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. உங்க அப்பாகிட்ட இருந்து வந்தது வந்ததுதான்." நல்லவேளை சொன்னார். நிறுத்துகிற எண்ணத்தில்தான் இருந்தேன்.

புதிய ஆர்ஓ 14,500 ரூபாய். மாட்ட வந்த பையன், ருசிக்காகவும் மினரலுக்காகவும் என்று சொல்லி ஒரு சின்ன வால்வைத் திருகி டிடிஎஸ்-ஐ 250-க்கு வைத்தான். எப்படி என்று கேட்டேன். சுத்தமான தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுமாம். சாதாரணப் போர்த் தண்ணீராக இருந்தால் கலப்பதில் கால்சியமாவது வரும். சாஃப்ட்னர் தண்ணீரைக் கலந்தால் வருவது சோடியம்தான். முழுக்க மூடச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, கம்பெனிக்குப் போன் போட்டான், கடைசியில் மூடினான். இப்போது 70 காட்டுகிறது. கால்சியத்துக்குத் தயிரும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. ஆர்ஓ வெளியே தள்ளும் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்கிறேன். முதலில் செடிக்கு ஊற்றித் துளசி கருகிவிட்டது, அந்த உப்புக்கு அது என்ன செய்யும். யூவி, யூஎஃப் என்று மட்டும் எழுதியிருக்கும் மெஷின்களை வாங்கி ஏமாறாதீர்கள், அவை கிருமிக்கு, கலங்கலுக்கு. கரைந்த உப்பை எடுக்காது. சமையலுக்கும் ஆர்ஓ தண்ணீரேதான். அரிசி களைவதற்கு மட்டும் குழாய்.

ஆறு வாரத்தில் சராசரி 152/94-இலிருந்து 143/89-க்கு வந்தது. மந்திரம் போட்டதுபோல ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கால் வீக்கம் வடிந்தது, பிடரி வலி போனது. மறுபடி எடுத்த 24 மணி நேர யூரினில் சோடியம் 88, ஏறக்குறைய 5 கிராம் உப்பு. அதற்கப்புறம் தினம் கடற்கரையில் நடந்து நான்கு கிலோ குறைத்தேன். டிசம்பரில் 132/82. ஜனவரியில் டாக்டரம்மாவே அம்லோடிபினை நிறுத்தினார். டெல்மிசார்டன் தொடர்கிறது.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, சமையலறைக் குழாய்க்கு சாஃப்ட்னர் வேண்டாம், தனி லைன் போடுங்கள் என்று கேட்டேன். வெளிநாடுகளில் பல வீடுகளில் அப்படித்தான் ஒரு குழாயைத் தனியாக விடுகிறார்கள். செலவு அதிகம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். குடிக்கத்தான் கேன் இருக்கிறதே என்றார் செயலாளர். கேன் தண்ணீர் குடிக்கிற வீடுகளிலும் சோறு குழாய்த் தண்ணீரில்தான் வேகிறது என்றேன். யாரும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டாவது மாடிப் பெண் ஓடி வந்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தை, பால் பவுடரைக் கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீரில்தான் கரைக்கிறாளாம். குழந்தையின் சிறுநீரகம் இவ்வளவு சோடியத்தைத் தாங்காது, இன்றைக்கே மாற்று, குழந்தை டாக்டரிடமும் சொல் என்றேன். அன்று இரவு என் வீட்டிலிருந்துதான் தூக்கில் தண்ணீர் போனது. இப்போதும் சில நாள் போகிறது.

வெயில் ஏறிவிட்டது. போன வாரம் பேஸ்மென்ட்டில் மூட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கின. பிளான்ட் தம்பி என்னைப் பார்த்ததும், "தண்ணி கடினமாயிடுச்சும்மா" என்றார். மே மாதத்துக்குள் இன்னொரு பாட்டில் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும்.